பந்து வாத்திச்சி நின்ற இடம்

"ஜெபகனி, நீ கொஞ்சம் அடுப்படிக்கு உள்ள தள்ளி நில்லும்மா. பிள்ளைக வெளிய இறங்கட்டும்."

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்று எலியேசர் ஐயா இதைச் சொன்னபோது ஜெபகனியின் கையில் பந்து இருந்தது. காற்றுப் போதுமா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். உளுந்தங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பெண்கள் கிண்ணத்தை அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்த அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எலியேசர்தான் காரியதரிசி. அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். விடுதிப் பிள்ளைக்குச் சளி பிடித்தால் தாமே மிளகும் கற்கண்டும் வாங்கி அனுப்புவார். ஆனால் நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது வெள்ளைச் சேலை எதிரே வந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, ஒரு ஜெபமும் செய்துவிட்டுத்தான் மறுபடி படியிறங்குவார். இரண்டில் எது பலித்தாலும் சரி என்பது அவர் கணக்கு.

"ஆட்டத்துல அவளுவ தப்புச் செஞ்சா நான் பார்க்காண்டாமா ஐயா?"

"பாரேன், யாரு பார்க்காதன்னா? மைதானத்து மூலையில தட்டி கட்டச் சொல்லியிருக்கேன். பின்னால இருந்து நல்லாப் பாரு. அவளுவ ஒன்னயப் பார்க்கப்படாது, அவ்வளவுதான்."

ஜெபகனி பந்தைக் கீழே வைத்தாள். அவள் புருஷன் கல்யாணமான வருஷமே, கிறிஸ்துமஸ் வருமுன்னே, பேதியில் போய்விட்டான். அண்ணன் வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தவளைத் அப்போது பள்ளிக்கூடத்தை நடத்திவந்த வெள்ளைக்காரத் துரைசாணி அம்மாள்தான் விடுதி வேலைக்கு அழைத்துவந்தாள். கூடைப்பந்தை அந்த ஊருக்குக் கொண்டுவந்ததும் அவளே. கம்பத்தில் அடியில்லாத பனைநார்ப் பெட்டியைக் கட்டி, மணலில் கோடு போட்டு, அவரவர் கட்டத்தைவிட்டுத் தாண்டாமல் பந்தை மாற்றி மாற்றி எறிந்து பெட்டிக்குள் போடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். சீமைக்குத் திரும்பும்போது ஊதலைக் கழற்றி ஜெபகனியின் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனாள்.

பந்து எறியச் சொல்லிக்கொடுக்க ஒரு சம்பளமா என்று ஊர் சிரித்தது. அன்றைய ஆட்டத்தில் ஏரல் பள்ளிக்கூடத்தை ஜெயித்தால் வேலையைச் சம்பளத்தோடு நிரந்தரமாக்குவதாக எலியேசர் வாக்குக் கொடுத்திருந்தார். தோற்றால் அண்ணன் வீட்டு ஆட்டுக்கல்தான். அங்கே யாராவது வெளியே புறப்பட்டால் மைனி முதலில் இவளைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

நல்ல பந்து வாத்திச்சிக்கு என்ன வேண்டும் என்று ஜெபகனி தினமும் யோசிப்பாள். சத்தம் போடவேண்டுமா, பொறுமையாக இருக்கவேண்டுமா? கெட்டிக்காரியைத் தட்டிக்கொடுப்பதா, சோம்பேறியைப் பின்னால் நின்று தள்ளுவதா? ஒன்றிலும் அவளுக்கு நிச்சயம் வரவில்லை. நல்லாப் பார்க்கத் தெரியவேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதற்குத்தான் இப்போது தட்டி கட்டிவிட்டார்கள்.

தட்டிக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அது வழியாகக் கால்கள் மட்டும் தெரிந்தன. தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அவள் கால்களையே பார்த்தாள். பந்து எங்கே இருக்கிறது என்று சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்க முடிந்தது.

முன்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி, எலியேசரின் மனைவி பாக்கியவதி நாற்காலியில் உட்கார்த்தப்பட்டிருந்தாள். கழுத்து நிறையச் சங்கிலி, வீடு நிறையப் பிள்ளைகள், நிறைந்த முகம். பெண்கள் அவள் முகத்தில் விழித்துவிட்டு ஆடப்போனார்கள். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அந்த நிறைந்த முகம் மார்பில் சாய்ந்து தூங்கிவிட்டது.

இடைவேளையில் பெண்கள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் தட்டிக்குப் பின்னால் ஓடிவந்தார்கள். தோற்றுக்கொண்டிருந்தார்கள். தலைவி இன்பமணி தண்ணீர்கூடக் குடிக்காமல் முறையிட்டாள்.

"அந்த ஏரல்காரி தங்கத்தாய் கையத் தூக்கினாலே நாங்க ஏமாந்து போறோம்க்கா. எறியுதாளா, சும்மா ஆட்டுதாளான்னு தெரியல."

"கைய ஏம்ட்டி பார்க்க? காலப் பாரு. நெசமா எறியப்போம்போது இடது குதிகாலத் தூக்குதா. ஏமாத்தும்போது தூக்கல."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு வேற என்ன தெரியுது இங்கன இருந்து?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே போய் ஜெயித்தார்கள்.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. எலியேசர் வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"என்னா ராசி பார்த்தியா? பாக்கியம் ஒரு நாள் உக்காந்ததுக்கே ஏரல் கவுந்துட்டு. வாத்திச்சி வேலைய அவளுக்கே நிரந்தரம் பண்ணியாச்சு. நீ சங்கடப்படாத. உள்ள இருந்து நீதான் சொல்லிக்குடுக்கணும். சாப்பாடு, துணி எல்லாம் வழக்கம்போல."

பாக்கியவதி பதறினாள். "எனக்குப் பந்தும் தெரியாது, பனங்காயும் தெரியாது. நான் ஒறங்கிட்டுல்லா இருந்தேன்."

"ஒறங்குனாலும் மொகம் முன்னாலதான இருந்துது? நீ சும்மா இரு."

ஜெபகனி அன்று கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். தன் முகத்தில் நிஜமாகவே ஏதாவது இருக்குமோ என்ற சந்தேகம் அவளுக்கும் உண்டு. நெற்றி, மூக்கு, வாய் என்று ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூக்கில் ஒரு மரு இருந்தது. அவ்வளவுதான் கிடைத்தது.

அடுத்த வாரம் ஏரலிலிருந்து தேவதாசன் அண்ணாச்சி வில்வண்டியில் வந்து இறங்கினார். பலசரக்கு மண்டிக்காரர், அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் அவர் பொறுப்பில் இருந்தது.

"ஏரலுக்கு வாரியா தாயி? பந்து வாத்திச்சியா. மொத மாசத்துலேர்ந்தே சம்பளம்."

ஜெபகனிக்கு நம்பிக்கை வரவில்லை. "எனக்குப் புருஷன் இல்ல, தெரியும்லா அண்ணாச்சி?"

"தெரியும். அதுக்குத்தான வந்தேன்."

"வெளங்கல."

"எலியேசர் ஒன்னய மறைச்சு வச்சாரு, அவரு பிள்ளைக ஜெயிச்சுது. அப்போ ஒன் மொகத்துல சக்தி இருக்குன்னுதான அர்த்தம்? நீ எங்க பக்கம் நின்னு, எதிராளிப் பிள்ளைக ஒன்னயப் பார்த்துட்டா போதும். சோலி முடிஞ்சுது."

"ஒங்க பிள்ளைக தெனம் பார்க்குமே?"

"பழகிப்போகும்லா. புதுசாப் பார்க்கவங்களுக்குத்தான் அது பாதிக்கும்."

ஜெபகனிக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணும் கலங்கியது. எந்தக் காரணத்தைச் சொன்னால் என்ன, ஆட்டம் முழுசும் தெரியும் இடத்தில் நிற்கக் கூப்பிடுகிறார்கள் அல்லவா?

"எங்கன நிக்கணும்னு நான்தான் தீர்மானிப்பேன்."

"தாராளமா நில்லு. கோட்டுப் பக்கத்துலயே நில்லு. பளிச்சுன்னு தெரியணும்."

ஏரலுக்குப் போன அன்றே அவள் தங்கத்தாயின் குதிகாலைச் சரிசெய்தாள். பிறகு மற்றவர்களிடம் வந்தாள். முதல் தடவையாகக் கால், கை, கண் மூன்றையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது. ஒரு பெண் பந்தை வாங்குமுன் பயத்தில் கண்ணை மூடுகிறாள் என்பதைக்கூட அப்போதுதான் கண்டாள். அவளைத் திட்டவில்லை, முதலில் பந்துக்குப் பதிலாகத் துணிப்பொதியைப் போட்டுப் பழக்கினாள். நாளாக நாளாகச் சத்தம் போடும் வேலையே குறைந்துபோயிற்று.

மறு வருஷம் ஆற்றங்கரை மைதானத்தில் பாளையங்கோட்டை வண்டிகள் வந்து நின்றன. வெள்ளைச் சேலையில் ஜெபகனி கோட்டோரம் நிற்பதைக் கண்டதும் எலியேசர் குடையை விரித்தார்.

"ஏட்டி, குனிஞ்சு வாங்க. அந்தப் பக்கம் திரும்பாதிய."

பாக்கியவதி பின்னாலிருந்து, "நானே அவளப் பார்த்துப் பேசணும்னுதான் வந்தேன்," என்றாள். இன்பமணி குடையை மெதுவாக விலக்கிவிட்டு நேரே ஜெபகனியின் முன்னால் வந்து நின்றாள்.

"நல்லாயிருக்கியளாக்கா?"

அவளுக்குப் பின்னால் அடுத்தவள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒவ்வொருத்தியும் அவள் முகத்தை நேராகப் பார்த்துவிட்டு மைதானத்துக்குப் போனாள். தேவதாசனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "ஒண்ணுகூடத் தப்பல வே. எல்லாம் பார்த்துட்டுது," என்று பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டினார்.

ஆட்டம் நெருக்கமாகப் போய், கடைசியில் ஏரல் ஜெயித்தது.

எலியேசரும் தேவதாசனும் முதல் தடவையாக ஒரே கட்சியானார்கள். "நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றார் ஒருவர். "நான் மட்டும் என்ன சொன்னேன்?" என்றார் மற்றவர். ஜெபகனி எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாளோ, அவள் முகம் அவ்வளவு கெட்டது என்று இரண்டு ஊரும் நம்பின.

பரிசு கொடுக்கத் தேவதாசனின் மருமகள் வந்தாள். கல்யாணம் முடிந்து மஞ்சள் மணம்கூடப் போகாத புதுப்பெண். பரிசு மேசை ஜெபகனிக்கு அருகே கோட்டோரமாகத்தான் போடப்பட்டிருந்தது. தேவதாசன் பைய வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தாயி, புள்ள புதுசா வந்துருக்கு. நீ கொஞ்சம் அந்த வேப்பமரத்துக்கு அங்குட்டுத் தள்ளி..."

ஜெபகனி கூட்டத்தைப் பார்த்தாள். தோற்ற பெண்களும் ஜெயித்த பெண்களும் அவளைச் சுற்றித்தான் நின்றிருந்தார்கள்.

"இங்கன நிக்கதுக்குத்தான அண்ணாச்சி எனக்குச் சம்பளம்?" என்றாள்.

குரல் உயரவில்லை. காலும் நகரவில்லை. தேவதாசன் எலியேசரைப் பார்த்தார்; எலியேசர் வானத்தைப் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை. கடைசியில் காரியதரிசி ஒரு முனையும் மண்டிக்காரர் ஒரு முனையுமாகப் பிடித்து, முக்கி முனகி, மேசையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்துக்கு அங்குட்டு நடந்தார்கள்.