உள்பக்கம் கொண்டியில்லாத அறை

1

இந்தக் கதை இன்று காலை ஒரு தொலைபேசிப் பேச்சில் பிறந்தது. கொழும்பில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களேயான என் கடைசி மகள் அம்னா, தான் பார்த்துவைத்திருக்கும் புது அறையைப் பற்றி உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். யன்னல் உண்டாம். கடற்காற்று வருமாம். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"கதவுக்கு உள்பக்கம் மட்டும் கொண்டி இல்ல உம்மா. கதிரய வச்சி அடச்சிட்டுப் படுக்கலாம்."

என் மனைவி ஆமினா உம்மாவும் சிரித்தாள். நான் எழுந்து போய் எங்கள் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திப் பார்த்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"மட்டக்களப்பு நகரத்தில் பேர்டி என்றொரு பறங்கியர் இருந்தார். அவருடைய மகள் எறிக்கா கொழும்பில்..."

(அங்கேயே விட்டுவிட்டேன்.)

நான் காத்தான்குடியில் எங்கள் குடிக்கு மரைக்காயர். பள்ளிவாசலில் எங்கள் குடும்பங்களின் நல்லது கெட்டதுக்கு முன்னால் நின்று பேசுகிறவன். நெடுங்காலமாகக் கதைகளும் எழுதுகிறேன். என் வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. வீட்டில் நடப்பது வீட்டுச் சுவருக்குள் இருக்கவேண்டும் என்பது என் கொள்கை. இன்றும் அதை மாற்றவில்லை. ஆகவே இந்தப் பயத்தை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஆமினா உம்மா அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"பேர்டிக்கு என்ன கரச்சல்? பூட்டிக் கிடக்கிற ஊட்ட வாடகைக்கு உட்டுட்டு மகளுக்குச் சல்லி அனுப்புவார். கத முடிஞ்சி. ஒங்களுக்குத்தானே அது ஏலாது."

அவள் சொன்னது சரி. எங்கள் ஊரில் மகளுக்கு வீடு கட்டி, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையை அழைத்துத்தான் கலியாணம். அம்னாவின் வீடு எங்கள் வளவை ஒட்டியே கட்டி முடிந்து, நிறம் பூசி, பூட்டிக் கிடக்கிறது. மணப்பெண் குடிவரும் முன் அங்கே வேறு யாரும் அடுப்பு மூட்டுவது எங்கள் குடும்பத்தில் இல்லை. அவள் பெயரில் மூன்று அறைகள் இருக்கின்றன. அவளுக்குப் படுக்க ஓர் அறை இல்லை.

இந்தக் கடைசி வசனத்தை இரண்டு முறை வெட்டினேன். மறுபடி எழுதியிருக்கிறேன்.

3

இப்போது அவள் எங்கே படுக்கிறாள் என்று நீங்கள் கேட்குமுன் நானே சொல்கிறேன். கொழும்பு வெள்ளவத்தையில், பெண்கள் மட்டும் தங்கும் ஒரு வீட்டில், பாதிக் கட்டிலில். அகலத்தில் பாதியல்ல. கதிரவெளி ஊர்ப் பிள்ளை தனுஷியாவுக்குத் தனியார் வைத்தியசாலையில் இரவு வேலை. அவள் பகலில் உறங்குவாள், அம்னா இரவில். ஒரே கட்டில், வாடகை ஆளுக்குப் பாதி. புதிதாகச் சேர்ந்தவளின் சம்பளத்துக்கு அதுதான் எட்டியது.

அடுத்த மாதம் தனுஷியாவைப் பகல் வேலைக்கு மாற்றுகிறார்கள். கட்டிலை முதலில் வாடகைக்கு எடுத்தவள் அவள். அம்னா வெளியேறவேண்டும்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தனுஷியாவைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் என் மகள் காய்ச்சலில் கிடந்த நாட்களில் கட்டிலை விட்டுக்கொடுத்துத் தரையில் படுத்தவள் அவள். கதையின் வசதிக்காக ஊரார் பிள்ளையின் பெயரைக் கெடுக்கமாட்டேன்.)

அம்னா போய்ப் பார்த்த அறைகளெல்லாம் சம்பளத்தில் முக்கால் பங்கைக் கேட்டன. அதோடு பல மாத முற்பணம். கைக்கு அடங்கியது ஒன்றுதான்: ஒரு கடைக்கு மேலே இருக்கும் அறை. கீழே வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார். மறுசாவி அவரிடம். நாளைக்குள் பதில் சொல்லவேண்டும்.

கதவுகளைச் சாத்திப் பார்த்துவிட்டு வந்து போனை நான் வாங்கினேன்.

"கொண்டி ஏன் இல்ல மகள்?"

"முந்தி இருந்தவங்க கழட்டிட்டாங்களாம் வாப்பா. புறகு போட்டுத் தாறாராம்."

"புறகெண்டா எப்ப?"

"புறகெண்டா புறகுதான். இது கொழும்பு வாப்பா, ஒங்கட பள்ளிக் கூட்டமில்ல."

"மரவேல ஓடாவி ஒராளப் புடிச்சி நீங்களே போடுங்க. சல்லிய நான் அனுப்புறன்."

"கேட்டன். கதவுல கை வைக்கப்படாதாம்."

இந்தக் கடைசி வரி என் கற்பனையில் வந்திருந்தால், மிகையென்று வெட்டியிருப்பேன்.

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்டு கேக்கன், ஏசப்படா. எண்ட ஊட்ட வாடகைக்கு உடுங்களன் வாப்பா. அந்தச் சல்லி வந்தா ஒழுங்கான அறையொண்டு எடுப்பன்."

நான் ஏசவில்லை. போனை ஆமினா உம்மாவின் கையில் கொடுத்துவிட்டேன்.

4

நாளை வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஏறாவூரிலிருந்து முகைதீன்பாவா வருகிறார். பெண்ணை ஏற்கெனவே அவர் மகனுக்குப் பிடித்திருக்கிறது. இப்போது வீட்டைப் பார்க்க வருகிறார். அங்கே வேற்று மனிதரின் சேர்ட் கொடியில் காய்ந்தால் வாசலோடு திரும்பிவிடுவார். அதன்பின் ஊர் இரண்டு பேச்சுப் பேசும். மரைக்காயர் மகளின் வீட்டை வாடகைக்கு விட்டுச் சாப்பிடுகிறார் என்பது ஒன்று. மகள் கொழும்பில் எங்கே படுக்கிறாளோ என்பது மற்றது. முதலாவதைத் தாங்கிக்கொள்வேன் என்று எழுதத் தொடங்கி...

இல்லை. அதையும் தாங்கமாட்டேன்.

வெறும் பெருமை என்று நீங்கள் சொல்லலாம். என் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி எத்தனையோ வீடுகளில் கலியாணம் நடந்திருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பெறுமதி எங்கள் வீட்டைப் பற்றி யாரும் ஒன்றும் பேசமுடியாமல் இருப்பதில்தான்.

"முகைதீன்பாவா பாக்க வாறது செவர," என்றாள் ஆமினா உம்மா. "செவருக்கு ஒண்டும் நடக்காது."

"மெல்லப் பேசு. தெருவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். புள்ளட பயம் தெருவுக்குக் கேக்கல்லயே."

5

முடிவுகள்.

கலியாணம் பேசி முடிகிறது. அம்னா வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறாள். (அவள் முகத்தை எழுத வரவில்லை. எப்படி எழுதினாலும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.)

வீட்டை வாடகைக்கு விடுகிறேன். முகைதீன்பாவா என் கையைப் பிடித்து, நல்ல காரியம் செய்தீர்கள் மரைக்காயர் என்கிறார். (அப்படியொரு முகைதீன்பாவாவை நான் கண்டதில்லை. நீங்கள் கண்டிருந்தால் சொல்லுங்கள்.)

அம்னா பெட்டியோடு அந்த மாடிக்கு ஏறுகிறாள். கதவைச் சாத்துகிறாள். கதிரையை இழுத்து வைக்கிறாள். விளக்கை அணைக்கிறாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம். கீழிருந்து மேலே வருகிறது. நிற்கிறது. சாவித் துவாரத்தில்

இதை எழுதமாட்டேன். எழுதினால் நடந்துவிடும் என்று பேனாவை மூடிவைக்கிறேன். எழுதாமல் விட்டாலும் அந்தப் படிக்கட்டு அங்கேதான் இருக்கிறது.

6

மேலே உள்ளதை வெட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் யாரோ சலாம் சொன்னார். அக்கரைப்பற்றிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் வங்கி உத்தியோகத்தர் சரீப். அஸர் தொழுகை முடிந்து திரும்புகிறவர்கள் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள்.

"மரைக்கார், மகள்ட ஊடு வாடகைக்கு இரிக்காம். ஆமினா ராத்தாதான் எண்ட பொஞ்சாதிக்கிட்டச் சொன்னாவாம். மெய்தானா?"

நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ஆமினா உம்மா உள்கதவோரம் நின்றாள். பார்வையைத் தாழ்த்தவில்லை.

"நான் பொய் சொன்னன் எண்டு சொல்லுங்க பாப்பம்," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

சரீப் மரியாதையாகக் காத்து நிற்கிறார். நின்றவர்கள் நாலைந்து பேராகிவிட்டார்கள். நான் வாயைத் திறந்துவிட்டேன். இவ்வளவு காலமும் என் பாத்திரங்கள் என்ன பேசவேண்டும் என்பதை நான்தான் முடிவுசெய்து வந்தேன். இந்த ஒரு பதிலை என்னால் எழுத முடியவில்லை. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். 'ஓம்' என்றோ 'இல்ல' என்றோ எனக்காக எழுதுங்கள்.

எழுதுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: என் கதை எதுவாக இருந்தாலும் அம்னாதான் முதலில் வாசிப்பாள்.