பதினேழு விநாடி சோப்புப் பனி

பாசடீனாவில் ஒரு பழைய தியேட்டர், ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு ‘டகோட்டாவில் டிசம்பர்’ படத்தைப் போடும். அன்றைக்கு மூன்றாவது வரிசையின் நடு நாற்காலியில் வெர்னா கோவாச் உட்கார்ந்திருப்பாள். மிகவும் பிடித்த படம் எது என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். கதாநாயகி பனியில் நின்று பாடும் கடைசிப் பாட்டில் கூட்டத்துக்கே கண் கலங்கும். வெர்னாவுக்கும் கலங்கும். சிரிப்பை ரொம்ப நேரம் அடக்கினால் அப்படித்தான் ஆகும்.

படத்தில் நடித்தவள் கிளாரிஸ் வேல். பாடியவள் வெர்னா. கிளாரிஸுக்குக் கன்னம் இருந்தது, கண் இருந்தது, இடுப்பு இருந்தது. தொண்டை மட்டும் கடவுள் அவசரத்தில் விட்டுப்போன இடம். அதை நிரப்ப, இருபத்திரண்டு வயது வெர்னாவை வெளியே மூச்சு விடக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு ஸ்டுடியோ அமர்த்தியது. படத் துவக்கத்தில், ஒப்பனைக்காரர் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் அவள் பெயரும் வரும் என்று தயாரிப்பாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஏழு பாட்டு முடிந்து எட்டாவது பாக்கி இருந்தபோது அந்தப் பொடி எழுத்தும் போயிற்று. எடுக்கச் சொன்னவள் கிளாரிஸ். ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் வெர்னாவின் தோளில் கை வைத்துச் சொன்னாள்: “தப்பா எடுத்துக்காத கண்ணு. நீ பேர் போட்டுக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு? வேணும்னா என் பழைய கவுன் ஒண்ணு தரேன். உனக்கு இறுக்கமாத்தான் இருக்கும்.”

வெர்னா நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாடினாள்.

சினிமாப் பாட்டில் முறை ஒன்று உண்டு. முதலில் குரலைப் பதிவு செய்வார்கள். பிறகு படப்பிடிப்பில் அதை ஓடவிட்டு, நடிகை வாயசைப்பாள். குரல் எங்கே போகிறதோ வாய் அங்கே போக வேண்டும். அதோடு, ஒவ்வொரு பாட்டின் கடைசி ஸ்வரத்திலும் வெட்டாமல் தன் முகத்தை மட்டுமே காட்ட வேண்டும் என்று கிளாரிஸ் தன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தாள். தன் அழகின்மீது அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கடைசி ஸ்வரம் நான்கு விநாடிதான் இருந்தது காகிதத்தில். வெர்னா பதினேழு விநாடி பிடித்தாள். வாத்தியக்குழு நடத்துனர் சொக்கிப்போய்க் கையை இறக்கவேயில்லை. ட்ராம்போன் ஊதிய ஹெர்ப்புக்கு உதடு வீங்கிப்போயிற்று. ‘இதுதான், இதுதான்!’ என்று இயக்குநர் கண்ணாடிக்குப் பின்னால் குதித்தார்.

அடுத்த வாரம் கிளாரிஸ் அந்தப் பதினேழு விநாடியும் வாயைத் திறந்தபடி நின்றாள். மேலேயிருந்து பனி கொட்டியது. ஸ்டுடியோப் பனி என்றால் சோப்புத்தூள். இருபத்தாறு முறை எடுத்தார்கள். படத்தில் இருக்கும் இருபத்தாறாவதில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தால், அவளுடைய வாயின் இடது ஓரத்தில் ஒரு சின்னக் குமிழி ஊதி உடைவது தெரியும். விமர்சகர்கள் அதைக் கண்ணீர் என்று எழுதினார்கள்.

வெர்னா வருடா வருடம் வருவது குமிழியைப் பார்க்கத்தான்.

ஆனால் இந்த வருடம், ஐம்பதாவது ஆண்டு விழாவுக்குக் கிளாரிஸே வருகிறாள். ஸ்டுடியோ மூடி முப்பது வருடமாயிற்று. ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்ட ஆளில்லை. வெர்னாவே ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். அதில் ருசி இல்லை. நூறு பேர் முன்னால் தன் பெயர் அந்த வாயிலிருந்து வர வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

“கேக்கப்போறியா இல்லையா?” என்றான் பக்கத்தில் ஹெர்ப். எண்பது வயது, பாப்கார்னை ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்தான்.

“கேப்பேன்.”

“போன தடவையும் அப்படித்தான் சொன்ன.”

“போன தடவை அவ வரலடா, மடையா.”

படம் முடிந்தது. குமிழி உடைந்தது. விளக்கு எரிந்ததும் தியேட்டர் மேலாளர், பட்டாம்பூச்சி டை கட்டிய பையன், கிளாரிஸை மேடைக்குக் கைப்பிடித்து அழைத்து வந்தான். எழுபத்து நான்கு வயதிலும் கன்னம் அப்படியே இருந்தது, செலவழித்து வைத்திருந்தாள். கேள்வி கேட்கலாம் என்றார்கள். வெர்னா எழுந்து ஒலிவாங்கியை வாங்கினாள்.

“மேடம், அந்தக் கடைசி ஸ்வரம். அதைப் பாடினது நீங்களா?”

கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. மேலாளர் பையனின் முகம் வெளுத்தது. கிளாரிஸ் மட்டும் கீழே பார்த்தாள், கொஞ்சம் கூர்ந்து, பிறகு மிகவும் கனிவாக.

“இல்லம்மா,” என்றாள். “இத்தனை வருஷமா மனசை அறுக்கிற விஷயம் அது. இன்னிக்குச் சொல்லிடறேன். அந்தக் குரல் என்னோடது இல்ல.”

ஹெர்ப் வெர்னாவின் கையைப் பிடித்தான்.

“அது ஒரு அற்புதமான பொண்ணு. என் வாய் நிறைய சோப்பு போட்டவ. அந்த ஸ்வரத்துக்கப்புறம் கொட்டாவி விட்டாக்கூட என் தாடை சொடுக்கு எடுக்குது.” கூட்டம் சிரித்தது. கிளாரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவ பேரு மர்லா பிக்கெட். பாவம், போன வருஷம் போய்ச் சேந்துட்டா.”

நூறு பேரும் எழுந்து மர்லா பிக்கெட்டுக்காகக் கை தட்டினார்கள். அந்தக் காலத்தில் பற்பசை விளம்பரம் பாடி, வெர்னாவின் வேலையை மூன்று முறை தட்டிப் பறித்த அதே மர்லா.

“யோவ், அவ இல்ல!” என்று ஹெர்ப் கத்தினான். கைதட்டலில் பாப்கார்ன் பொரிந்த மாதிரிகூடக் கேட்கவில்லை. யாரோ ஒரு பெண் உணர்ச்சிவசப்பட்டு வெர்னாவைக் கட்டிக்கொண்டு, “எவ்ளோ நல்ல கேள்வி கேட்டீங்க பாட்டி” என்றாள்.

வெளியே கூடத்தில் கிளாரிஸ் படங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வெர்னா வரிசையில் நின்றாள். முறை வந்தது.

“மர்லாவா?” என்றாள்.

“வயசாச்சு. பேரெல்லாம் குழம்புது,” என்றாள் கிளாரிஸ், பேனாவைப் படத்திலிருந்து எடுக்காமலேயே. பிறகு தலையை நிமிர்த்தி, மெதுவாக, யாருக்கும் கேட்காமல்: “எப்படி இருக்க, வெர்னா கோவாச்?”

சுத்தமான உச்சரிப்பு. கோவாச் ஹங்கேரிப் பெயர்; ஹங்கேரிக்காரர்களே அவ்வளவு சுத்தமாகச் சொல்லமாட்டார்கள். இந்த ஐம்பது வருடத்தில் அந்தப் பெயரை அவள் ஒரு நாள்கூட மறந்திருக்கவில்லை. எத்தனை இரவு ஒத்திகை பார்த்தாளோ.

வெர்னாவுக்கு எரிந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருந்தாலும், மனசு நிறைந்தது. இந்த ஊரில் தன்னை இவ்வளவு விடாமல் நினைத்துக்கொண்டிருந்தவர்கள் வேறு யாருமில்லை. புருஷன்கூட இரண்டு வருடத்தில் மறந்துவிட்டான்.

கிளாரிஸ் படத்தில் ‘மர்லாவின் தோழிக்கு, அன்புடன்’ என்று எழுதி நீட்டினாள். வெர்னா மரியாதையாக வாங்கிக்கொண்டாள்.

“மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறியா?” என்றாள்.

“ஏன்?”

“போடு. உப்பைக் குறை. மாடிப்படி ஏறாத.” வெர்னா குனிந்து அந்தச் செலவழித்த கன்னத்தைத் தட்டினாள். “அடுத்த டிசம்பருக்கு நீ உயிரோட இருக்கணும் கண்ணு.”