ஐந்து நொடிக் கம்ப்யூட்டர்

விஜயதசமிக்கு மறுநாள் காலை, கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சரியாக ஐந்து நொடி உயிரோடு இருந்தது. உள்ளே விசிறி சுற்றியது, முன்பக்கம் நீல விளக்கு எரிந்தது, திரையில் கம்பெனிப் பெயர் எட்டிப் பார்த்தது, அணைந்துவிட்டது. சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடியும் ஐந்து நொடி. பதினான்கு தடவை போட்டோம். பதினான்கு தடவையும், விலையை மட்டும் விசாரித்துவிட்டு நடையைக் கட்டும் ஆளைப் போல வந்து வந்து போனது.

அந்தப் பெட்டிக்குள் என் மனைவி பவானியின் ஆறு வருடம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர் வேலையும் பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறு பிச்சாவரத்தில் படகேறி, சேற்று நண்டுகளைப் பிடித்து அளந்து எழுதிய ஆய்வேடு. அன்று மாலை நான்கு மணிக்குள் அதை அச்சடித்து, பைண்டு போட்டு, சிதம்பரத்தில் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். இரண்டு தடவை அவகாசம் வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது, தவறினால் பதிவு ரத்து.

கடைசி அத்தியாயத்தை ஆயுத பூஜையன்று காலையில்தான் முடித்தாள். பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன் என்றவளை, நல்ல நேரம் போகிறது, முதலில் பெட்டியை அணை என்று விரட்டியது நான். கடலூர் முதுநகரில் மூன்று தலைமுறையாக மணிலா, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. பூஜையில் வைத்ததை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. தராசில் தொடங்கி தையல் மெஷின், ஸ்கூட்டர், கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றுக்கும் நானே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மறுநாள் இரவு மறுபூஜை. அதற்குப் பிறகு விருந்தாளிகள். பிரதி எடுப்பது அப்படியே நின்றுபோனது.

கடலூரில் ரிப்பேர் கடைகள் திறக்கப் பத்தரை ஆகும். சிதம்பரத்திலேயே சரி பார்த்து, அங்கேயே அச்சடித்துவிடலாம் என்று பெட்டியைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றினேன். புதுச்சத்திரம் தாண்டும்வரை பவானி பெட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். தாண்டிய பிறகும்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை. உரிமையாளர் பெயர் ஜெயப்பிரகாஷ். பெட்டியைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தார். முகத்தில் இழவு வீட்டுக்கு வந்த களை.

"மதர்போர்டு போயிடுச்சி சார். ஹார்ட் டிஸ்கும் அடி வாங்கியிருக்கு. உள்ள இருக்கறத எடுக்கணும்னா சென்னைக்கு அனுப்பணும். மூணு நாளாவும். பதினாலாயிரம் வச்சிக்கங்க."

பவானி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நான் எதுவும் பேசாமல் பெட்டியின் மேல் கையை வைத்தேன். எங்கள் மண்டியில், விலை கேட்ட பிறகு முதலில் பேசுகிறவன் தோற்றவன். ஜெயப்பிரகாஷ் பேசினார். நமக்குள் என்ன, பதினொன்று கொடுங்கள் என்றார். நான் போர்வையைப் பிரித்தேன். பழைய போர்டு ஒன்று இருக்கிறது, எட்டுக்கு முடித்துவிடலாம், நாளைக்கே தருகிறேன் என்றார். நான் பெட்டியைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"மாமா, கேக்கறதக் குடுத்துட்டு வாங்க. இதுலயுமா பேரம்?" என்றாள் பவானி. அவள் என் அத்தை மகள். சின்ன வயதிலிருந்து நான் பேரம் பேசுவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்தவள்.

அவள் கேட்டது நியாயம். ஆனால் எனக்கு அப்போது பணம் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஆள் இறங்குகிற வேகத்தைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். வாசலுக்கு இரண்டு அடி வைத்தேன். மூவாயிரம், மதியத்துக்குள் என்று குரல் வந்தது. படியில் காலை வைத்தேன்.

"ஆயிரத்தி ஐநூறு சார். அரை மணி நேரம். இதுக்குக் கீழ எனக்கு ஒண்ணும் மிஞ்சாது."

திரும்பிப் பார்த்துச் சொன்னேன். "விலை எறங்குனது சரிங்க. மூணு நாளு எப்படிங்க அரை மணியாச்சி?"

ஜெயப்பிரகாஷ் காற்றாடியைப் பார்த்தார்.

காரில் ஏறியதும் பவானி அழத் தயாராக இருந்தாள். அவளிடம் சொன்னேன். சரக்கு விற்கிறவனுக்கு ஒரு தரை உண்டு, வாங்கின விலை. அடித்துப் போட்டாலும் அதற்குக் கீழே போகமாட்டான், போனால் பிழைக்கமாட்டான். இந்த ஆளுக்குத் தரையே இல்லை. அப்படியென்றால் அவர் சரக்கே போடப்போவதில்லை. போர்டும் போகவில்லை, டிஸ்கும் போகவில்லை. அரை மணியில், காசு செலவில்லாமல் சரி செய்கிற மாதிரி வெளியே எங்கேயோ ஏதோ ஒன்று.

பவானி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நண்டின் கொடுக்கைத் திருப்பிப் பார்த்துப் பழகியவள். போர்வையை விலக்கிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள். மேல், பின், பக்கம், கடைசியில் முன்பக்கம். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"மாமா, இது ஹேங் ஆனா நான் எப்படி அணைப்பேன்?"

"பட்டன அழுத்திப் புடிப்ப."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நொடி..." என்றவன் அப்படியே நிறுத்தினேன்.

"இப்ப அத அழுத்திப் புடிச்சிகிட்டு இருக்கறது யாரு?"

குனிந்து பார்த்தேன். பட்டன் உள்ளே அமுங்கிக் கிடந்தது. சுற்றிலும் இருக்கவேண்டிய இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. காலையில் அழுத்திய பட்டன் திரும்பி வரவே இல்லை.

"இங்க சந்தனம் வச்சது யாரு?"

அந்தக் காரில் இரண்டே பேர்தான் இருந்தோம், அதனால் மழுப்ப வழியில்லை. தராசுக்கு முள்ளுக்கு மேல் பொட்டு வைக்கலாம், ஸ்கூட்டருக்கு லைட்டுக்கு மேல். இந்தப் பெட்டிக்கு நெற்றி எது என்று தேடினேன். வட்டமாக இருந்தது அது ஒன்றுதான். வியாபாரத்தில் ஒரு கிராம்கூட அதிகம் போடாத கை, சாமி காரியம் என்று பன்னீரில் குழைத்துத் தாராளமாக அப்பிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி, இடுக்கில் விட்டுச் சுரண்டினாள். மஞ்சள் தூள் அவள் மடியில் உதிர்ந்தது. நகத்தால் ஒரு நெம்பு நெம்பினாள். டக்கென்று பட்டன் வெளியே வந்தது.

சிரிப்பு அப்போதுதான் வந்தது, எனக்கில்லை, அவளுக்கு. "ஆறு வருஷத்த ஒரு பொட்டுல அடக்கம் பண்ணிட்டீங்களே மாமா."

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஞானாம்பாள் என்கிற அம்மாள் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறார். எங்கள் பெட்டியைத் தன் திரையில் மாட்ட இடம் கொடுத்தார். பவானி பட்டனை அழுத்தினாள். ஒன்று, இரண்டு என்று நான் வாய்க்குள் எண்ணினேன். ஐந்து வந்தது. ஆறு வந்தது. ஏழில் திரை முழுக்க வெளிச்சம். அத்தியாயங்கள் ஏழும், கடைசி அத்தியாயமும் சேர்ந்துதான், வரிசையாக இருந்தன. முதல் காரியமாகப் பென்டிரைவில் இரண்டு பிரதி எடுத்தாள். வரிசையில் நின்ற ஆராய்ச்சி மாணவர்களிடம் ஞானாம்பாள், இவுங்களுக்கு இன்னிக்கு நாலு மணி, நீங்க ஒதுங்குங்க என்றார். ஒதுங்கினார்கள். மூன்று பிரதி, தலா இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பசை காயக் காற்றாடிக்கு அடியில் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

அலுவலகத்தில் நுழையும்போது மூன்று ஐம்பது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார், வழிகாட்டி முன்பே போட்டுக் கொடுத்திருந்த கையெழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரி பார்த்தார், தலைப்பைப் படித்துவிட்டு நண்டா என்று கேட்டார். நண்டுதான் என்றாள் பவானி. நான் வாயைத் திறந்ததும் என் காலை மிதித்தாள். முத்திரை விழுந்தது. பெற்றுக்கொண்டதற்கான சீட்டில் மணியையும் எழுதிக் கொடுத்தார், மூன்று ஐம்பத்தெட்டு.

வெளியே வந்து மரத்தடியில் நின்று சீட்டை இரண்டு தடவை படித்தாள். பிறகு, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி, "பசிக்குது மாமா" என்றாள்.

ஓட்டலில் வலது கையால் சாப்பிட்டாள், இடது கையில் சீட்டு. மூன்றாவது பரோட்டாவுக்குப் பிறகுதான் அதை மேஜைமேல் வைத்தாள்.