ஐம்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே அண்ணி

1

கோபத்தில் பிறந்த கதை இது, முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஆட்சியைக் கவிழ்த்தவர் என்று எல்லோரும் திட்டுகிற பெண் என் அண்ணி.

[“அவர் ஒரு வீராங்கனை” என்று தொடங்கி அடித்துவிட்டேன். அண்ணனே சிரித்துவிடுவார்.]

அண்ணி இருபது வருடம் பிரசவ வார்டு நர்ஸ். முந்தைய அரசு அந்த வார்டை மூடியது. திறக்க வைக்கவே சுயேச்சையாக நின்று ஜெயித்தார். சபையில் இரண்டு கூட்டணிக்கும் தலா ஐம்பது இடங்கள். நடுவில் அண்ணி ஒருவர். வார்டைத் திறப்பதாக எழுதிக் கொடுத்த கூட்டணியை அவர் ஆதரித்தார். அது ஆட்சி அமைத்தது.

(சபாநாயகர் இந்தக் கணக்கில் இல்லை. ஓட்டு சமமானால் மட்டும் அவரும் போடலாம். வில்லங்கமே அதில்தான்.)

2

எட்டு மாதமாகியும் வார்டில் பூட்டு தொங்கியது. ஒரு தையல்காரப் பெண்ணுக்கு, தொலைவிலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வேனிலேயே பிரசவமானது. குழந்தை பிழைக்கவில்லை.

அந்த வாரமே நம்பிக்கை வாக்கெடுப்பு. அன்று காலை ஆளுங்கட்சிக் கொறடா அண்ணியின் அறைக்கு வந்தார். அரசை எதிர்த்து ஓட்டுப் போடப்போவதாகச் சொல்லும் அண்ணியின் அறிக்கையை நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

“எங்களுக்கு ஓட்டுப் போட வேண்டாம்மா. சும்மா உட்கார்ந்திருங்க. சமமாயிடும், சபாநாயகர் பாத்துப்பார். உங்களுக்கும் கெட்ட பேர் இல்ல.”

“பிரசவ ரூம்ல நர்ஸ் சும்மா உட்கார்ந்திருந்தா என்ன ஆகும்னு தெரியுமாங்க?”

அவர் போனதும் கேட்டேன்: “கவுந்தா, மூடினவங்கதானே அண்ணி வருவாங்க?”

“தெரியும்டா. நீ டைப் பண்ணு.”

[அவர் தடுமாறினார் என்று எழுத ஆசை. தடுமாறியது நான். ஒரே வரியை நாலு தரம் தப்பாக அடித்தேன்.]

3

சபையில் அண்ணி

அண்ணி மெல்ல

விடுங்கள். எதிர்ப்பவர்களை எழச் சொன்னார்கள், அண்ணி எழுந்தார். ஐம்பத்தொன்றுக்கு ஐம்பது. அரசு விழுந்தது.

மறுநாள் எதிரணி ஆதரவு கேட்டு வந்தது. “வார்டை மூடினது தப்புன்னு சபையில சொல்லுங்க, அப்புறம் பேசலாம்” என்றார் அண்ணி. அவர்கள் சொல்லவில்லை. யாராலும் ஆட்சி அமைக்க முடியவில்லை. சபை கலைந்தது; மறுபடியும் தேர்தல்.

4

நேற்று பிரசாரத்தில் அந்தத் தையல்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். வாசலில் அவள் கணவன்.

“இருந்த அரசாங்கத்தையும் கவுத்துட்டீங்க. வார்டும் இல்ல. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஓட்டுக் கேக்க வந்தீங்க?”

“அவங்களப் பாக்கணும். ஓட்டுக்காக இல்ல” என்றார் அண்ணி. அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் நின்றது.

பிறகு அவள் செய்ததை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அழுதாள், ஒன்றில் மன்னித்தாள், ஒன்றில் காறித் துப்பினாள். மூன்றிலுமே அண்ணியை நல்லவராக்கத்தான் பார்த்திருக்கிறேன். கொழுந்தன் எழுத்து அப்படித்தான் இருக்கும், நம்பாதீர்கள்.

நீங்கள் அவள் இடத்தில் நில்லுங்கள். வெளியே அண்ணி காத்திருக்கிறார். கதவைத் திறப்பதும் திறக்காததும் இனி உங்கள் பாடு.