துணைக்கு வந்தவன்

அப்புத்துரையின் இடுப்பு நோவை முத்தையன்கட்டுக் குடியேற்றத்தில் அறியாதவர் இல்லை, நம்பியவர்தான் இல்லை. வாய்க்கால் வெட்டியும் நெல்மூட்டை சுமந்தும் தேய்ந்த உடம்பு அது. வலது பக்கப் பொருத்தில் தொடங்கும் உளைவு தொடை வழியே இறங்கி முழங்காலில் வந்து குத்தும். குந்தினால் எழும்ப முடியாது, எழும்பினால் குந்த முடியாது. ஆனால் வெளியே பார்த்தால் வீக்கம் இல்லை, காயம் இல்லை. ஷெல் பட்டுக் கால் போனவர்கள் சந்தைக்கு வந்துபோகிற காலத்தில், காட்டுவதற்கு ஒரு கீறல்கூட இல்லாத கிழவனின் நோவை யார் பெரிதாக எடுப்பார்கள்? தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். "விதைப்பு வந்தா உங்களுக்கு நோவும் வந்திடும்" என்பாள் மனைவி விமலேஸ்வரி. ஒரே மகன் நிரோஜன் அதற்கும் ஒரு படி மேல். "அப்பாவுக்கு நோ இல்லை, அலுப்பு" என்று பக்கத்து வளவுக்குக் கேட்கச் சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். அந்தச் சொல் அப்புத்துரைக்கு இடுப்பை விட அதிகமாக நொந்தது. நோ தீராவிட்டாலும் போகட்டும், பொய்யில்லை என்று இந்தப் பெடியன் ஒருநாள் ஒத்துக்கொண்டால் போதும் என்று நினைத்துக்கொள்வார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, காலபோக நெல் வெட்டி முடிந்த மாசி மாதம். அந்த நிரோஜன் வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து காலைப் பிடித்துவிட்டான்.

"அப்பா, இனியும் உங்களை இப்பிடி விடேலாது. வவுனியாவுக்குக் கொண்டுபோய்ப் பெரியாஸ்பத்திரியிலை காட்டப்போறன்."

வன்னியை விட்டு வெளிக்கிட அப்போது இயக்கத்தின் பாஸ் வேண்டும். இளந்தாரிகளுக்கு அது லேசில் கிடைக்காது. கடும் நோயாளி என்றால் கொடுப்பார்கள். நோயாளியைத் தாங்கிப் பிடிக்கத் துணைக்கு ஒருவரும் போகலாம். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பது அப்புத்துரைக்குத் தெரியாததல்ல. ஆனால் ஆடுவது தன் பிள்ளையின் குடுமி என்றால் எந்தத் தகப்பன் நிமிர்ந்து பார்க்கிறான்?

"என்ரை நோவை அவன் விளங்கீட்டான், விமலா" என்றார் மனைவியிடம். சொல்லும்போதே கண் கலங்கியது. அவள் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

பாஸ் எடுக்கப் போகும் நாள் காலையில் நோவை அடக்கும் குளிசை கேட்டார். பொருளாதாரத் தடைக்குள் குளிசை என்பது பொன் மாதிரி. கிடைத்ததை விமலேஸ்வரிதான் அலுமாரிக்குள் பத்திரப்படுத்தி வைப்பாள். முடிந்துவிட்டது என்றாள். குளிசை போடாத உடம்பை லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றி, பள்ளமும் திட்டியுமாகக் கிடந்த பாதையில் கொண்டுபோனார்கள். பாஸ் கொடுக்கும் கந்தோர் வாசலில் அப்புத்துரையால் இறங்கவே முடியவில்லை. வாய்விட்டுக் கத்தினார். உள்ளேயிருந்த பெடியன் எழும்பி வந்து தன் கதிரையைக் கொடுத்தான். மறுபேச்சில்லாமல் இரண்டு பேருக்கும் பாஸ் கிடைத்தது.

"பாத்தியே, கண்டவுடனை அவனுக்கே தெரிஞ்சிட்டுது" என்று திரும்பும் வழியெல்லாம் பெருமைப்பட்டார் பாவி மனிதர்.

மறுநாள் ஓமந்தை தாண்டி, ஆளில்லாத பிரதேசத்தில் மகன் சைக்கிளை உருட்ட, இவர் கரியரில் குந்தியிருந்து பல்லைக் கடித்துக்கொண்டே போனார். தாண்டிக்குளத்தில் ஆமிக்காரன் கிழவனின் முகத்தைப் பார்த்தான், பையைக் கிளறினான், போ என்றான். காவலரணைக் கடந்து கொஞ்சத் தூரம் போனதும் நிரோஜன் சேட்டுப் பையிலிருந்து ஒரு குளிசைப் பட்டையை எடுத்து நீட்டினான்.

"இது என்னட்டைக் கிடந்திருக்கு அப்பா. மறந்துபோனன்."

"அதுக்கென்ன ராசா, மறதி ஆருக்கும் வாறதுதானே" என்று மகனைத் தேற்றிவிட்டு விழுங்கினார்.

ஆஸ்பத்திரியில் வாங்கிலில் இருத்திவிட்டு, தேத்தண்ணி வாங்கிவருவதாக நிரோஜன் வெளியே போனான். அவன் வருவதற்குள் முறை வந்துவிட்டது. டொக்டர் காலை மடக்கித் திருப்பினார். அப்புத்துரை அலறினார்.

"ஐயா, பொருத்து நல்லாத் தேஞ்சுபோச்சு. இந்த நோவோடை எப்பிடி இவ்வளவு காலம் வயல்வேலை செய்தனீங்கள்?"

எத்தனை வருடமாகக் காத்திருந்த வார்த்தை! "தம்பி, கேட்டியோ?" என்று அவசரமாக வாசல் பக்கம் திரும்பினார். அங்கே வேறொரு நோயாளி நின்றாள்.

வார்டில் தங்கவைத்து வைத்தியம் பார்க்க வேண்டும், தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும், மகனைக் கூட்டிவாருங்கள் என்றார் டொக்டர். அப்புத்துரை சுவரைப் பிடித்துப் பிடித்துத் தேத்தண்ணிக் கடைவரை போனார்.

"உயரமான பெடியனோ?" என்றான் கடைக்காரன். "ஆக்களை வெளிநாட்டுக்கு அனுப்பிறவர் ஒருத்தர் வான் கொண்டந்தவர். அதிலை ஏறி அப்பவே போட்டானே!"

குளிசை மறந்துபோனதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. பாஸ் கையில் வந்து, தாண்டிக்குளமும் தாண்டும்வரை அவருக்கு நன்றாக நோக வேண்டும். அதற்காக மருந்தை ஒளித்திருக்கிறான், பெற்ற பிள்ளை. நெஞ்சு பற்றி எரிந்தது. அங்கேயே நிலத்தில் இருந்து குழந்தை மாதிரி அழுதார்.

தாங்க ஆளில்லாமல் எந்த வார்டில் கிடப்பது? திரும்பிப் போகிற சனத்தோடு சேர்ந்து, ஒருவர் மாறி ஒருவர் கைகொடுக்க, வந்த வழியே போனார். மகன் எங்கே என்று ஓமந்தையில் இயக்கப் பெடியள் கேட்டார்கள். மருந்து வாங்கிக்கொண்டு பிந்தி வருவான் என்று பொய் சொன்னார். ஆத்திரம் ஒரு பக்கம் என்றால் விமலேஸ்வரியின் நினைப்பு மறுபக்கம். ஒரே பிள்ளை சொல்லாமல் ஓடிவிட்டான் என்று கேட்டால் அவள் தாங்குவாளா? எப்படித் தொடங்குவது, எதை மறைப்பது என்று வழிநெடுகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

படலையடியில் உழவு மெசினிலிருந்து அவரை இறக்கிவிட்டார்கள். விமலேஸ்வரி தலைமுடியை அள்ளி முடிந்தபடி ஓடிவந்தாள். டொக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

"இஞ்சாருங்கோ, வான்காரன் நேரத்துக்கு வந்தவனோ? தம்பி ஏறீட்டானோ?"

படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கும் தெரியுமோ?"

"உங்களுக்குப் பொய் சொல்ல வராதப்பா. சொல்லியிருந்தா உங்கடை முகமே காட்டிக் குடுத்திருக்கும்." அவள் அழத் தொடங்கினாள். "இந்தச் சண்டைக்குள்ளை இஞ்சை வைச்சிருந்தா எங்களுக்குப் பிள்ளை மிஞ்சுவானோ, சொல்லுங்கோ?"

"கேட்டிருந்தா நான் தவண்டெண்டாலும் அவனைக் கொண்டுபோய் விட்டிருப்பன். கேட்டனீங்களோ? ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போனவள் எண்ணெயைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். அப்புத்துரை இன்னும் படலையடியிலேயே நின்றார். வலது காலை நிலத்தில் ஊன்றவில்லை.

"வாங்கோ, வந்து இருங்கோ. உருவிவிடுறன். நல்லா நோகுதோ?"

"எனக்கு ஒரு நோவும் இல்லை" என்றார் அவர். "அது பாஸ் எடுக்கிறதுக்கு வைச்சிருந்த நோ. பாஸ்தான் எடுத்தாச்சே."