சக்கரத்துக்கு ஒரு குடம் தண்ணீர்

கண்ணமங்கலத்தில் கலையரசனின் பட்டறையில் கல்பனாவின் கார் முன்சக்கரங்கள் இல்லாமல் நின்றிருந்தது. மலையிலிருந்து ஆட்களை ஏற்றிக் கீழே கொண்டுவந்து விடுவது அவள் பிழைப்பு. கொஞ்ச காலமாகவே வளைவுகளில் பிரேக்கை மிதித்தால் காலுக்கடியில் நடுங்கியது. பிரேக் பேடுதான் மட்டம் என்று எண்ணி அவளும் கடை கடையாக மாற்றிப் பார்த்துவிட்டாள். புதிதாய்ப் போட்டதும் நன்றாக இருக்கும். சில வாரம் போனால் பழையபடி நடுக்கம்.

இந்த முறை அவளுக்கு அவசரம் இருந்தது. அண்ணி அருணாவுக்கு மாதம் நிறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கீழே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். “கல்பனா ஓட்டுனா நான் கண்ண மூடிக்கினு வருவேன்” என்று அண்ணி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து கல்பனாவுக்கு உள்ளுக்குள் பயம்.

கலையரசன் பெட்டிகளைப் பிரித்து பேடுகளை வரிசையாக வைத்தான்.

“இது நார் வச்சது. மெத்துனு புடிக்கும், சத்தமே வராது. ஆனா மலை இறக்கத்துல சூடு ஏறிச்சின்னா கைவுட்டுடும். டவுனுக்குள்ள ஓட்றவங்களுக்குச் சரி. இது செராமிக். சக்கரத்துல கரி படியாது, ஜம்முனு இருக்கும். வெலையும் ஜம்முனு இருக்கும்.”

“அது இன்னாண்ணா?”

“இரும்புத்தூள் கலந்தது. சூட்டத் தாங்கும். காலைல குளிருல கத்தும். தட்டயும் கொஞ்சம் வேகமாத் தேய்க்கும்.”

“கத்தட்டும். எங்க வூட்லயும் யாரும் மெதுவாப் பேசறதில்ல.”

கலையரசன் சிரித்தபடியே, பேடு கவ்விப் பிடிக்கும், சக்கரத்தோடு சுற்றும் அந்த இரும்புத் தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். சிரிப்பு நின்றது. தட்டில் ஆங்காங்கே நீலம் பாய்ந்திருந்தது. தலைமுடி போல மெல்லிய விரிசல்கள்.

“தங்கச்சி, நீ எந்த பேடு போட்டாலும் இதே கதிதான். தட்டே கோணிக்கிச்சி. கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது தண்ணி பட்டிருக்குது. மலை எறங்குனதும் வண்டியக் கழுவறியா இன்னா?”

“நான் ஞாயித்துக்கிழமதாண்ணா…” என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கெங்கம்மாளின் நினைவு வந்துவிட்டது.

மலைப்பாதை முடிந்து சமதளம் தொடங்கும் இடத்தில் ஒரு முனியப்பன் கோயில். அதற்குப் பக்கத்து வீடு கெங்கம்மாளுடையது. முன்பு அவள் மகனைப் பாம்பு கடித்தபோது, வழியோடு வந்த ஒரு டிரைவர் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்ப் பிழைக்க வைத்தார். அன்று அவள் வேண்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவரின் காலைக் கழுவுவதுபோல, மலையிலிருந்து நல்லபடியாக இறங்கி வரும் வண்டிகளின் முன்சக்கரங்களில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதாக. யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. பஸ்காரர்கள் நிற்பதில்லை, மற்றவர்கள் கையைக் காட்டிவிட்டுப் போவார்கள். கல்பனா மட்டும் நிற்காமல் போனதே இல்லை. ஒருவர் அன்போடு செய்வதை வாங்கிக்கொள்வதும் புண்ணியம்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

இரும்புத்தூள் பேடும் புதுத் தட்டுகளும் போட்டுக்கொண்டு மலையேறினாள்.

மறுநாள் வியாழக்கிழமை ஆட்களோடு இறங்கும்போது மிதி நடுங்கவில்லை. கோயில் வந்தது. கெங்கம்மாள் குடத்தோடு சாலைக்கு வந்தாள். கல்பனா நிறுத்தவில்லை.

பின்சீட்டில் இருந்த சாந்தம்மாள் திரும்பிப் பார்த்தாள். “இன்னாடி, அந்தம்மா கொடத்தத் தூக்கினு நிக்குது, நீ பாட்டுக்கு வந்துட்ட?”

“லேட்டாயிடுச்சிக்கா” என்றாள் கல்பனா. லேட்டாகவில்லை. கண்ணாடியில் அந்த உருவம் குடத்தை இறக்காமலே சிறிதாகிக்கொண்டு போனது. மனம் நோகக்கூடாது என்று உண்மையை மறைத்தால், அந்த மறைப்பே மனத்தை நோகடித்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை அருணாவை ஏற்றிக்கொண்டு வந்தாள். அண்ணன் சடையன் பின்சீட்டில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தான். அருணா சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் தூங்கியும் போனாள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சொன்னபடி கேட்டது.

கோயில் வந்ததும் கல்பனா நிறுத்தினாள். கெங்கம்மாள் குடத்தைச் சாய்ப்பதற்குள் இறங்கி ஓடிப்போய் அதன் வாயைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊத்தாதீங்கக்கா.”

“நேத்து நிக்காம ஓடுன. இன்னிக்கி கொடத்தப் புடிக்கற. என் தண்ணி உனக்குக் கசந்து பூடுச்சா?”

கல்பனா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெங்கம்மாள் குனிந்து சக்கரத்துக்கு அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனாள். அனல் அடித்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

“காயற தோசக்கல்லுல கொடத்தோட ஊத்துனா கல்லு விரிசல் வுட்டுடும்னு எனக்குத் தெரியாதா? சக்கரத்துக்குள்ள அப்பிடி ஒண்ணு கீதுன்னு யாரு சொன்னாங்க எனக்கு? உனக்கு வாயிருக்குதில்ல?”

“உங்க மனசு கஷ்டப்படும்னு…”

“அதுக்குன்னு புள்ளத்தாச்சிய ஏத்தினு வர்ற வண்டியக் கெடுத்துக்குவியா? நல்லா வளத்தாங்க உன்ன.”

“இதுல என்ன இழுக்காதீங்க” என்றான் சடையன் உள்ளிருந்து.

கல்பனா தயங்கினாள். “உங்க வேண்டுதல்?”

கெங்கம்மாள் கோயில் பக்கம் பார்த்தாள். முனியப்பன் எப்போதும்போல் அரிவாளோடு நின்றிருந்தார். அதற்குள் விழித்துக்கொண்ட அருணா முன்கதவைத் திறந்து மூச்சுவிட்டுக்கொண்டாள். செருப்பு ஏறாத அளவுக்கு அவள் பாதங்கள் வீங்கியிருந்தன.

“அதயெல்லாம் அவருகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றாள் கெங்கம்மாள். “நீ கால வெளிய நீட்டு தாயி.”

அருணா நீட்டினாள். கெங்கம்மாள் ஒரு கையால் அந்தப் பாதங்களைத் தாங்கிக்கொண்டு, அவசரமில்லாமல் குடம் முழுவதையும் ஊற்றினாள்.

“ஜில்லுனு கீது” என்றாள் அருணா. கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள்.