மணிக்கொரு பதில்

காணாமல் போன சரக்கு விமானம் ஐந்து வருடங்களாக, மணிக்கொரு தடவை செயற்கைக்கோளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதில் எரிபொருள் ஏழு மணி நேரத்துக்குத்தான் இருந்தது. இருக்கிறாயா என்று செயற்கைக்கோள் கேட்கும், இருக்கிறேன் என்று விமானம் சொல்லும், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாது. பதில் வர ஆகும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லலாம், திசையைச் சொல்ல முடியாது. அதனால் தரைநிலையத்துப் பொறியாளர் அந்தத் தூரத்துக்கு வரைபடத்தில் ஒரு வட்டம் போடுவார். கப்பல்கள் போய் அந்த வட்டத்தைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும். நிலையத்தில் அவருக்கு வட்டக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆனால் யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, விமானத்தைத் தனியாக ஓட்டிப் போனவர் அவருடைய தங்கை கணவர்.

வட்டம் மாதாமாதம் சுருங்கியது. இரண்டாம் வருடக் கடைசியில் புள்ளியாகி, ஒரு செவ்வாய்க்கிழமை அதுவும் இல்லாமல் போயிற்று. செயற்கைக்கோளுக்கும் கடலுக்கும் இருக்கும் தூரத்தைவிடக் குறைந்த தூரத்திலிருந்து பதில் வந்தது. கருவி பழுது என்றார்கள். பொறியாளர், இடம் தெரிந்த அறுபது விமானங்களை அதே கருவியால் அளந்து காட்டினார். பிழை நூறு மீட்டரைத் தாண்டவில்லை.

ஐந்தாம் வருடம் மேலிடம் தேடலை முடிக்கப் பார்த்தது. கணவர் கடலில் மூழ்கிவிட்டார் என்று தங்கை கையெழுத்துப் போட வேண்டும். அவள் படிவத்தோடு நேராக நிலையத்துக்கு வந்தாள்.

"எல்லா இடமும் தேடியாச்சுன்னு இதுல போட்டிருக்கே. தேடினியா அண்ணா?"

"கடல்ல ஒரு இடம் பாக்கி இல்லம்மா."

"மேல பாத்தியா?"

பொறியாளர் கணக்குத் தாளை எடுத்தார். விமானம் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஏறாது என்று கணக்கின் முதல் வரியில் எழுதியவரே அவர்தான். அந்த வரியை அடித்தார். வட்டம் மறைந்த பிறகு வந்த மூன்று வருடப் பதில்களும் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. கோடு கடலிலிருந்து செங்குத்தாகக் கிளம்பி, செயற்கைக்கோளை நோக்கிப் பாதி வழி போயிருந்தது. அண்ணனும் தங்கையும் சன்னலோரம் நின்று, ஒன்றுமில்லாத பகல் வானத்தைப் பார்த்தார்கள்.

"கூப்பிட்டுட்டே இருந்தது அந்தச் செயற்கைக்கோள் ஒண்ணுதானே," என்றாள் தங்கை. "கூப்பிட்ட இடத்துக்குப் போறாரு. நாம கூப்பிடுவோம்."

பொறியாளர் செயற்கைக்கோளின் கேள்வியை நிறுத்தி, நிலையத்து மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து அதே கேள்வியை அனுப்பினார். ஒரு மணி நேரம் பதில் இல்லை. தங்கை நாற்காலியை விட்டு அசையவில்லை. இரண்டாம் மணிக்குப் பதில் வந்தது. மூன்றாம் மணிக்கு வந்த பதிலில் தூரம் எழுநூறு மீட்டர் குறைந்திருந்தது.

அதே வேகத்தில் வந்தால் மூன்று வருடம் ஆகும் என்று பொறியாளர் கணக்குப் போட்டுச் சொன்னார்.

"சரி," என்றாள் தங்கை.